சாய்ந்த கடலும் மாமாவின் துப்பாக்கியும்

மாமியின் பானையில் ஓட்டை விழுந்த அந்தக் காலை இன்னும் என் கண்முன் நிற்கிறது.

பானை உடையவில்லை. உடைந்திருந்தால் ஒரு சத்தத்தோடு விஷயம் முடிந்திருக்கும். அதன் வயிற்றில் சின்னதாக ஓர் ஓட்டை விழுந்து, அதன் வழியாகத் தண்ணீர் வளைந்து பீய்ச்சி, கீழே அசைபோட்டுக்கொண்டு படுத்திருந்த ஆட்டின் முகத்தில் அடித்தது. ஆடு எழுந்து நின்று என்னைத்தான் பார்த்தது.

கொல்லையில் காற்றுத் துப்பாக்கியோடு நான். பக்கத்தில் திருப்புளியோடு என் மாமனார். சத்தம் கேட்டு அடுப்படியிலிருந்து மாமி வந்தார். பானையைப் பார்த்தார். எங்கள் இருவரையும் பார்த்தார்.

"எதைக் குறி வச்சீக?"

மாமா முருங்கைக் கிளையில் கட்டித் தொங்கவிட்டிருந்த கொட்டாங்கச்சியைக் காட்டினார். அதற்கும் பானைக்கும் நடுவே ஓர் ஆள் தாராளமாக நடந்து போகலாம்.

"நல்லாத்தான் இருக்கு. அடுத்தாப்புல என்னையக் கொண்டுபோய் அங்கன நிறுத்தி வச்சுச் சுடுங்க" என்று சொல்லிவிட்டு, ஓட்டையில் கொஞ்சம் புளியை அப்பி அடைத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

தோணியும் புயலுமாக எழுதிக்கொண்டிருந்தவன் இந்த வாரம் காற்றுத் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டானே என்று யாரும் முகம் சுளிக்க வேண்டாம். புயலைப் பற்றி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். துப்பாக்கிமேல் தூரக்கண்ணாடியைப் பொருத்திக் குறி சேர்ப்பதைப் பற்றி எழுத எங்கள் கடற்கரையில் என்னை விட்டால் ஆளில்லை. இதைத் தற்பெருமை என்று நினைப்பவர்கள் கடைசிவரை படித்துவிட்டுச் சொல்லட்டும்.

பெண் வீட்டில் மாப்பிள்ளை

எங்கள் மரைக்காயர் ஜனத்தில் கல்யாணம் ஆனால் பெண் வீட்டை விட்டுப் போக மாட்டாள். மாப்பிள்ளைதான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெண் வீட்டுக்கு வந்து சேருவான். நானும் அப்படித்தான் திருப்பாலைக்குடிக்குக் கொஞ்சம் வடக்கே, கடலைப் பார்த்த கொல்லை உள்ள மாமனார் வீட்டுக்கு வந்து சேர்ந்தேன்.

கொழும்புக்குப் போய்வரக் காகிதமும் முத்திரையும் கேட்க ஆரம்பித்து, எங்கள் பக்கத்துத் தோணிகள் ஒன்றொன்றாகக் கரையேறிய காலம் அது. மாமா தண்டல். தோணியை நடத்திக்கொண்டு போகும் தலைவனை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். நான் வேறொரு தோணியில் சுக்கான் பிடித்தவன். இப்போது இரண்டு பேருக்கும் வேலை இல்லை. விடிந்தால் ஒரே வீட்டின் இரண்டு மூலைகளில் உட்கார்ந்திருப்போம். மாமி நடுவில் நின்று இரண்டு பக்கமும் தேத்தண்ணி கொடுப்பார்.

தோணி போன பிறகு மாமாவிடம் அவருடையது என்று மிச்சமிருந்தது அந்தக் காற்றுத் துப்பாக்கி ஒன்றுதான். குழலை நடுவில் மடக்கி, உள்ளே சுருள்வில்லை இறுக்கி, ஈயக் குண்டைப் போட்டு நிமிர்த்துகிற வகை. காற்றுத் துப்பாக்கியை விளையாட்டுச் சாமான் என்று சொல்கிறவர்களோடு எனக்குப் பேச்சு இல்லை. வெடிக்கிற துப்பாக்கி தப்பைச் சத்தத்தில் மறைத்துவிடும். இது மறைக்காது. குண்டு குழலை விட்டுப் போகும்வரை கை கொஞ்சம் அசைந்தாலும் உடனே காட்டிக்கொடுத்துவிடும்.

எங்கள் ஊர் தர்காவில் கந்தூரித் திருவிழா முடிகிற நாள் சாயங்காலம் கடற்கரையில் சுடும் பந்தயம் நடக்கும். அலையோரம் இரண்டு கழி நட்டு, நடுவே கயிறு கட்டி, எலுமிச்சம்பழங்களை நூலில் தொங்கவிடுவார்கள். கடலைப் பார்த்துத்தான் சுட வேண்டும், தவறிய குண்டு தண்ணீரில் விழட்டும் என்று. நிற்கிற இடத்தை ஒரு பழைய நங்கூரக் கயிற்றால் அளப்பார்கள். வருஷா வருஷம் அதே கயிறு, அதே தூரம். ஆளுக்கு மூன்று குண்டு. ஜெயித்தவர் தோளில் பச்சைத் துண்டு ஒன்றைப் போடுவார்கள். அவ்வளவுதான் பரிசு. ஆனால் அந்தத் துண்டைப் போட்டுக்கொண்டு மறுநாள் கடைத்தெருவில் நடக்கிற நடை இருக்கிறதே, அதை எந்தக் கடையிலும் வாங்க முடியாது.

மாமாவுக்குச் சரியான போட்டி ஒருவர்தான். திருவாடானைப் பக்கத்துக் கிராமத்தில் அம்பலமாக இருந்தவர், அதாவது ஊர்ப் பெரியவர். அம்பலம் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். நெல்லும் மிளகாயும் போடுகிற விவசாயி. கந்தூரிக்கு வண்டி கட்டிக்கொண்டு வந்து மாமா வீட்டில்தான் இறங்குவார். வரும்போது கத்தரிக்காய் மூட்டை வரும், போகும்போது கருவாட்டுப் பொட்டலம் போகும். மத்தியானம்வரை இருவரும் ஒரே பாயில் உட்கார்ந்து சிரித்துப் பேசுவார்கள். சாயங்காலம் துப்பாக்கியை எடுத்த மாத்திரத்தில் இருவர் முகமும் மாறிவிடும்.

"எறங்கிக்கிற வேண்டியதுதான?"

நான் மாப்பிள்ளையாக வந்த வருஷம் மாமா மூன்று பழத்தையும் தவறவிட்டார்.

முதல் பழம் தப்பியபோது காற்று என்றார்கள். இரண்டாவது தப்பியபோது யாரும் எதுவும் சொல்லவில்லை. மூன்றாவது தப்பியதும் கூட்டத்தின் பின்னாலிருந்து ஒருத்தன் கத்தினான்.

"பெருசு, எறங்கிக்கிற வேண்டியதுதான?"

கடற்கரை முழுக்கச் சிரித்தது. அம்பலம் மட்டும் சிரிக்கவில்லை. தன் தோளில் விழுந்த பச்சைத் துண்டை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, மாமா முகத்தைப் பார்க்காமலே வண்டி ஏறினார். மாமா வீட்டுக்கு வந்தார். துப்பாக்கியை எண்ணெய்த் துணியால் துடைத்தார். ஆணியில் மாட்டினார். அதோடு சரி.

அதன் பிறகு அவர் கடற்கரைப் பக்கம் போகவில்லை. பள்ளிவாசலுக்குப் போவதற்கும் பின்சந்து வழியாகப் போனார். சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துவிடுவார். ஒரு எலுமிச்சம்பழத்துக்காக மனுஷன் இப்படிச் சுருண்டு போவானா என்று கேட்பீர்கள். தொழிலும் போய், கடலும் போய், நான் இன்னும் ஆள்தான் என்று சொல்லிக்கொள்ள ஒன்றே ஒன்று கையில் இருந்து, அதையும் ஊர் நடுவில் பிடுங்கிக்கொண்டால் யாரும் சுருண்டுதான் போவார்கள்.

விஷயத்தைக் கண்டுபிடித்தது என் மனைவி மைமூன். எங்கள் பக்கம் மனைவி கணவனை மச்சான் என்றுதான் கூப்பிடுவாள், அப்பாவை அத்தா என்று.

"மச்சான், அத்தாவுக்குத் தூரக்கண்ணு நல்லாத்தான் இருக்கு. கிட்டக்கண்ணுதான் மங்கிப்போச்சு. பொட்டலத்துல என்ன எழுதியிருக்குன்னு பாக்கக் கையை எம்புட்டு நீட்டுறாகன்னு கவனிச்சீகளா?"

கவனித்தேன். அவள் சொன்னது சரி. தூரத்தில் வருகிற தோணியின் பாயைப் பார்த்து யாருடையது என்று அப்போதும் சரியாகச் சொல்வார் மாமா. ஆனால் பழைய முறையில் குறி பார்க்க மூன்றைச் சேர்க்க வேண்டும். கண்ணுக்கு அருகில் ஒரு வெட்டுப் பள்ளம், குழல் நுனியில் ஒரு மணி, தூரத்தில் பழம். அருகில் இருப்பது மங்கிய கண்ணுக்குப் பள்ளமும் மணியும் கலங்கித் தெரியும். பழம் தெளிவாகத் தெரிந்து என்ன புண்ணியம்?

தூரக்கண்ணாடி இருந்தால் இந்தத் தொல்லை இல்லை. உள்ளே ஒரு குறுக்குக்கோடு. பழமும் கோடும் ஒரே இடத்தில் சேர்ந்து தெரியும். மைமூன் பினாங்கில் கடை வைத்திருந்த தன் அண்ணனுக்குச் சொல்லி அனுப்பினாள். "வந்து சேரட்டும், மாட்டிக் குறி சேத்துக் குடுக்கிறது என் பொறுப்பு" என்று நான் மார் தட்டினேன். அதுவரை நான் தூரக்கண்ணாடியைத் தொட்டதுகூட இல்லை.

பினாங்குப் பெட்டி

பெட்டி வந்தது. பிஸ்கட் டின், தைலப் புட்டி, மாமிக்கு ஒரு பூப்போட்ட சேலை, எல்லாவற்றுக்கும் அடியில் பழைய துணியில் சுற்றிய ஒரு கறுப்புக் குழாய். பெட்டியைத் திறந்ததும் கற்பூரமும் தைலமும் கலந்த வாசம் வீடு முழுக்க ஏறியது. குழாயோடு தனியாக ஒரு தாங்கி இருந்தது. அடியில் துப்பாக்கியின் முதுகுப் பள்ளத்தைக் கவ்விப் பிடிக்கிற இரண்டு தாடை, மேலே குழாயை அணைக்கிற இரண்டு வளையம். பின்வளையத்தில் இரண்டு திருகுகள். ஒன்று வளையத்தை இடம் வலமாகத் தள்ளும், மற்றொன்று மேலும் கீழுமாக. எப்படிப் பொருத்த வேண்டும் என்று ஒரு வரி எழுத்துகூட உள்ளே இல்லை.

மாமா முதலில் அதைத் தொடவே இல்லை. நான் கொல்லையில் சாக்கை விரித்து உட்கார்ந்து பொருத்த ஆரம்பித்தேன். கொஞ்ச நேரத்தில் மூலையிலிருந்து எழுந்து வந்து பக்கத்தில் நின்றார். இன்னும் கொஞ்ச நேரத்தில், "திருப்புளியை இங்கன குடு மாப்புள" என்றார். பல மாதங்களுக்குப் பிறகு அவர் வாயிலிருந்து வந்த சுறுசுறுப்பான வார்த்தை அது. உள்ளே நின்ற மைமூன் கதவிடுக்கு வழியாக என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

முதல் தொல்லை, தாங்கி நகர்ந்தது. காற்றுத் துப்பாக்கிக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. உள்ளே இருக்கிற சுருள்வில் பாய்கிறபோது துப்பாக்கி முதலில் பின்னுக்கும் உடனே முன்னுக்கும் உதறும். அந்த உதறலில் தாங்கி கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் நழுவிவிடும். எவ்வளவு இறுக்கினாலும் நழுவியது.

இதற்கு மாமா வழி சொன்னார். பள்ளத்தில் இருந்த எண்ணெய்ப் பசையை மண்ணெண்ணெய் விட்டுத் துடைக்கச் சொன்னார். தோணிப் பலகை இடுக்குகளை அடைக்க நாங்கள் வைத்திருக்கும் குங்கிலியத்தைப் பொடி பண்ணி, அதை விரலால் பள்ளத்தில் தேய்த்தார். பிறகு தாடையை இறுக்கினோம். அதற்கப்புறம் தாங்கி நகரவே இல்லை. கடல் தண்ணீரையே உள்ளே விடாத பொருள், ஒரு தாங்கியைப் பிடித்து நிறுத்தாதா?

அடுத்து குறி சேர்க்க வேண்டும். வம்பு அங்கேதான் ஆரம்பித்தது.

சுக்கான் புத்தி

குண்டு எல்லாம் கொட்டாங்கச்சிக்கு இடப்பக்கம் போனது.

"எம்புட்டு?"

"ஒரு சாண் இருக்கும் மாமா."

"அப்ப வலப்பக்கம் கொண்டாரணும். பின்னால இருக்கிற வளையத்தை எடப்பக்கம் தள்ளு."

அவர் சொல்வதற்கு முன்பே என் கை அப்படித்தான் திருகிக்கொண்டிருந்தது. இருவருக்கும் ஒரே எண்ணம். ஆபத்து அதில்தான் இருந்தது.

தோணி தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். சுக்கானின் பிடி தோணியின் பின்பக்கம் இருக்கும். தோணி வலப்பக்கம் திரும்ப வேண்டுமானால் பிடியை இடப்பக்கம் தள்ள வேண்டும். இடப்பக்கம் திரும்ப வேண்டுமானால் வலப்பக்கம். எங்கள் இருவர் கைகளும் வருஷக்கணக்காக இதையே செய்து பழகியவை. வலம் என்று மனம் நினைத்தால் கை தானாக இடப்பக்கம் போகும். இப்போது எதிரில் இருந்தது தோணி இல்லை என்பது கைக்குத் தெரியவில்லை.

இடப்பக்கம் தள்ளினோம். குண்டு இன்னும் இடப்பக்கம் போனது.

"பத்தல. இன்னுங் கொஞ்சம் தள்ளு."

தள்ளினேன். இன்னும் இடப்பக்கம் போனது.

"மாப்புள, நீ சுடுறப்ப கையை இழுக்குற."

"நான் இழுக்கல மாமா. நீங்க திருகுறப்ப எதையோ தளத்தி விட்டுட்டீக."

"நானா? எத்தனை வருசம் தோணி ஓட்டுனவன் நானு!"

"நான் மட்டும் கட்டுமரமா ஓட்டுனேன்?"

கடைசியாக முழு மூச்சாக ஒரு திருகு திருகினோம். அந்தக் குண்டுதான் மாமியின் பானையில் விழுந்தது. ஆடு முகம் கழுவிக்கொண்டது.

மாமி உள்ளே போன பிறகு மாடி ஜன்னலில் மைமூன் தலை தெரிந்தது. சிரிப்பை அடக்க முடியாமல் முக்காட்டை வாயில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தாள்.

"மச்சான், எதைத் திருப்புறீக? குண்டையா, கண்ணாடியையா?"

"கண்ணாடியைத்தான்."

"கண்ணாடியோட வாலை எடப்பக்கம் தள்ளுனா அதோட மூக்கு எங்கிட்டுப் பாக்கும்?"

"வலப்பக்கம்" என்றார் மாமா.

"வலப்பக்கம் பாக்குற மூக்கைக் கொட்டாங்கச்சிக்குக் கொண்டார நீங்க துப்பாக்கியை எங்கிட்டுத் திருப்புவீக?"

இடப்பக்கம்தான் திருப்ப வேண்டும். துப்பாக்கி இடப்பக்கம் திரும்பினால் குண்டும் இடப்பக்கம்தான் போகும். குண்டை ஓட்டுவதாக நினைத்துக்கொண்டு நாங்கள் கண்ணாடிக்குச் சுக்கான் பிடித்துக்கொண்டிருந்தோம். குண்டு எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கமே பின்வளையத்தைத் தள்ள வேண்டும். இவ்வளவுதான் விஷயம்.

மாமா என்னைப் பார்த்தார். நான் மாமாவைப் பார்த்தேன். அவர் குலுங்கிக் குலுங்கிச் சிரிக்க ஆரம்பித்தார். பச்சைத் துண்டு போன பிறகு அந்த வீட்டில் அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

"ஏ மைமூனு, நீ ஆம்பளையாப் பொறந்திருந்தா என் தோணியில தண்டல் நீதான்" என்றார்.

"பொம்பளையாப் பொறந்ததாலதான் அத்தா இது தெரிஞ்சுச்சு. சுக்கானைப் பிடிச்சிருந்தா நானும் பானையத்தான் சுட்டிருப்பேன்" என்றாள்.

மத்தியானத்துக்குள் கொட்டாங்கச்சி சல்லடையாகிவிட்டது. நங்கூரக் கயிற்றை வாங்கிவந்து பந்தயத் தூரத்தை அளந்து, அங்கிருந்தும் சுட்டேன். ஒரு குண்டு தவறவில்லை. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு துப்பாக்கியை மாமா கையில் கொடுத்தேன்.

கடல் சாய்ந்த கதை

மாமா சுட்டார். குண்டு வலப்பக்கம் கீழே போனது. மறுபடி சுட்டார். அதே இடம். எத்தனை முறை சுட்டாலும் அதே வலப்பக்கம், அதே கீழே. குண்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்தன. கை நடுங்குகிறவன் இப்படிச் சுட முடியாது. ஆனால் குறியில் ஒன்றுகூட விழவில்லை.

சிரித்துக்கொண்டிருந்த முகம் மெல்ல மெல்லத் தொங்கிப்போயிற்று. "கண்ணாடியில ஒண்ணுமில்ல மாப்புள. ஆளுதான் முடிஞ்சுபோனான்" என்று துப்பாக்கியைச் சுவரில் சாய்த்தார். கந்தூரிக்குக் கொடி ஏறிவிட்டது. இன்னும் சில நாட்கள்தான் இருந்தன.

நான் அவரை மறுபடி சுடச் சொல்லிவிட்டு, துப்பாக்கியைப் பார்க்காமல் ஆளைப் பார்த்தேன். பின்னால் தள்ளி நின்று பார்த்தபோதுதான் தெரிந்தது. அவர் வலப்பக்கம் சாய்ந்து நின்றார். இடது தோள் ஏறி, வலது தோள் இறங்கி, துப்பாக்கியும் அதே சாய்வில் இருந்தது. காற்றில் ஒருபக்கம் சாய்ந்தே ஓடுகிற தோணித் தளத்தில் வாழ்நாள் முழுக்க நின்றவர். அவர் உடம்பு அப்படியே அமைந்துவிட்டது.

"மாமா, சாஞ்சு நிக்கிறீக. நேரா நில்லுங்க."

"நேராத்தான நிக்கிறேன்."

கொல்லைக் கதவைத் திறந்துவிட்டேன். எதிரே கடல். "கண்ணாடி வழியாக் கடலைப் பாருங்க. உள்ள இருக்கிற படுக்கைக் கோடும் கடலோட விளிம்பும் ஒண்ணா இருக்கான்னு சொல்லுங்க."

கடலின் விளிம்பைவிட நேரான கோடு எங்களுக்குத் தெரிந்து உலகத்தில் இல்லை. மாமா வெகுநேரம் பார்த்தார்.

"கோடு நேராத்தான் இருக்கு. கடலுதான் வடக்காம சாஞ்சாப்புல இருக்கு."

நான் சிரிக்கவில்லை. அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அவரைப் பொறுத்தவரை அவர் நேராக நின்றார், கடல்தான் கோணல். பிடித்து நிமிர்த்தி நிறுத்திப் பார்த்தேன். நிமிர்ந்ததும் விழப்போகிறவர்போல் தடுமாறினார், குண்டு கூரைமேல் போனது. அந்த வயதில் ஒரு மனுஷனை நிமிர்த்த முடியாது. நிமிர்த்த வேண்டிய அவசியமும் இல்லை என்று எனக்கு அப்போது பட்டது. தையல்காரர் சட்டைக்கு ஏற்றபடியா நம் தோளை வெட்டுகிறார்?

"அப்படியே பிடிச்சுக்கிட்டு நில்லுங்க மாமா. அசையாதீக. கடலை நான் நேராக்கித் தாரேன்."

வளையங்களின் திருகைத் தளர்த்தினேன். அவர் சாய்ந்தபடியே கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருக்க, நான் குழாயை மட்டும் வளையத்துக்குள் மெல்ல மெல்ல இடப்பக்கமாகச் சுழற்றினேன்.

"இப்ப?"

"இன்னுஞ் சாஞ்சிருக்கு."

"இப்ப?"

"இரு, இரு... ஆங், நேராயிருச்சு. கடலு நேராயிருச்சு மாப்புள!"

அந்தக் குரலை நான் மறக்க மாட்டேன். அப்படியே இறுக்கினேன். பிறகு அவரையே சுடவிட்டு, அவர் குண்டு விழுகிற இடத்தைப் பார்த்துப் பார்த்துத் தாங்கியைத் திருகினேன். துப்பாக்கி சாய்ந்திருந்ததால் ஒரு திருகு போதவில்லை. பக்கத் திருகில் கொஞ்சம், உயரத் திருகில் கொஞ்சம் என்று இரண்டையும் சேர்த்துத்தான் கொண்டுவர வேண்டியிருந்தது. வாலைக் குண்டு போக வேண்டிய பக்கமே தள்ள வேண்டும் என்பதை ஒவ்வொரு தடவையும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டு திருகினேன். சாயங்காலத் தொழுகைக்குப் பாங்கு சொல்கிற நேரம், நூலில் கட்டிய எலுமிச்சம்பழம் அறுந்து விழுந்தது. அடுத்ததும் விழுந்தது.

பந்தயத்தில் தூரம் மாறாது என்பதால்தான் இது செல்லும். தூரம் மாறினால் சாய்த்துப் பிடித்த துப்பாக்கி வேறு கதை சொல்லும். எங்கள் நங்கூரக் கயிறு மாறவில்லை.

பச்சைத் துண்டு

கந்தூரி அன்று மாமா முன்வாசல் வழியாக, கடைத்தெரு வழியாக, துப்பாக்கியைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். கடற்கரையில் அம்பலம் அதைப் பார்த்ததும் புருவத்தைத் தூக்கினார். அவர் மூக்கில் அந்த வருஷம் புதிதாக ஒரு மூக்குக்கண்ணாடி.

"என்ன மரைக்காயரே, கண்ணாடி வச்சுச் சுடுறதெல்லாம் ஒரு சுடுறதா?"

"உமக்கு மூக்கு மேல கண்ணாடி. எனக்குத் துப்பாக்கி மேல கண்ணாடி. இதுல யாரு யாரைக் கேக்குறது?"

கூட்டம் சிரித்தது. இந்தத் தடவை மாமாவும் சேர்ந்து சிரித்தார். அம்பலம் தலையாட்டிவிட்டார்.

முதலில் அம்பலம் சுட்டார். இரண்டு பழம் விழுந்தது. மூன்றாவதைக் காற்று காப்பாற்றியது. பிறகு மாமா நின்றார். இடது தோள் ஏறியது, வலது தோள் இறங்கியது. பழம் ஆடிக்கொண்டே இருந்தது. அவர் சுடவில்லை. கூட்டத்தில் முணுமுணுப்பு. போன வருஷம் கத்தினவன் இந்த வருஷமும் கனைத்தான். மாமா பழத்தைப் பார்க்கவே இல்லை, காற்றைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார். கச்சான் என்கிற மேல்காற்று ஒரு வீச்சு முடிந்து அடுத்த வீச்சு வருவதற்குள் ஒரு மூச்சு ஓய்வு எடுக்கும். பாய் கட்டி வாழ்ந்தவருக்கு அந்த ஓய்வு எப்போது வரும் என்று தெரியும். வந்தது. பழம் நின்றது. விழுந்தது.

மூன்றும் விழுந்தன.

பச்சைத் துண்டை எடுத்துக்கொண்டு வந்தவர்களை அம்பலம் கையைக் காட்டி நிறுத்தினார்.

"கொஞ்சம் பொறுங்கப்பா. கண்ணாடி ஜெயிச்சுச்சா, மரைக்காயரு ஜெயிச்சாரான்னு பாத்துருவோம். அந்தத் துப்பாக்கியை இப்படிக் குடும்."

மாமா மறுபேச்சில்லாமல் கொடுத்தார். புதிதாக மூன்று பழம் கட்டினார்கள். அம்பலம் வரப்பில் நடந்து பழகிய கால்களை அழுத்தி ஊன்றி, பனைமரம்போல் நேராக நின்றார்.

"கோடு சாஞ்சு கெடக்குற மாதிரி இருக்கே?"

"எனக்கு நேராத்தான் தெரியுது" என்றார் மாமா.

அம்பலம் மூன்று தடவை சுட்டார். மூன்று குண்டும் பழத்துக்கு இடப்பக்கம் மேலே போய்க் கடலில் விழுந்தன. துப்பாக்கியை இறக்கி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு அந்தப் பச்சைத் துண்டைத் தானே வாங்கி மாமா தோளில் போட்டார்.

"கண்ணாடியில ஒண்ணுமில்லய்யா. எல்லாம் மனுசங்கிட்டத்தான் இருக்கு" என்று ஊர் கேட்கச் சொன்னார்.

அவர் சொன்னது உண்மைதான். மாமாவுக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை அது, இன்னொருவருக்கு எப்படிச் சேரும்? அன்றைக்கு மாமா தட்டில் ஒரு பருக்கை மிச்சம் வைக்கவில்லை. மறுநாள் காலை கடற்கரைக்குப் போய்விட்டார்.

அதற்குப் பிறகு சில கந்தூரிகளில் ஜெயித்தார், சிலவற்றில் தோற்றார். தோற்றாலும் கடைத்தெரு வழியாகத்தான் வீட்டுக்கு வந்தார்.

அம்பலம் நின்ற விதம்

மாமா மௌத்தாகி ஒரு வருஷம் ஆன நினைவு நாள் ஃபாத்திஹாவுக்கு அம்பலம் வந்திருந்தார். கையில் ஊன்றுகோல். கத்தரிக்காய் மூட்டை வழக்கம்போல் வந்தது. சாப்பிட்டு முடித்ததும் ஆணியில் தொங்கிய துப்பாக்கியைப் பார்த்துக்கொண்டே இருந்தார். கேட்பதற்கு முன்பே நான் எடுத்துக் கொடுத்தேன். தாங்கி ஒரு நூல்கூட நகரவில்லை. வளையத் திருகை அன்றைக்குப் பிறகு யாரும் தொடவில்லை.

"மாப்ள, அன்னிக்கு மூணு குண்டும் போச்சே எனக்கு. என்னதான்யா செஞ்சு வச்சிருந்தீக?"

இத்தனை வருஷம் கழித்துச் சொல்வதில் என்ன இருக்கிறது? கொல்லைக் கதவைத் திறந்தேன். கடலைப் பார்க்கச் சொன்னேன்.

"கோடு சாஞ்சுதான் கெடக்கு" என்றார்.

"வலப்பக்கம் சாயுங்க. இன்னுங் கொஞ்சம். எடது தோளைத் தூக்குங்க... அப்படித்தான்."

ஊன்றுகோலைச் சுவரில் வைத்துவிட்டு, தடுமாறி, மெல்லச் சாய்ந்தார்.

"நேராயிருச்சு" என்றார். "இப்படித்தான்யா நிப்பாரு மரைக்காயரு."

துப்பாக்கியில் குண்டு இல்லை. அவர் அதை இறக்கவும் இல்லை. அந்தச் சாய்வில், கண்ணை எடுக்காமல், கடலைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

தேத்தண்ணி கொண்டுவந்த மைமூன் வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். அவளுக்கு முதுகு மட்டும்தான் தெரிந்தது. ஏறிய இடது தோளும், இறங்கிய வலது தோளும். "அத்தா" என்று அவள் உதடு மட்டும் அசைந்ததை நான் பார்த்தேன்.